படுக்கையறை வரைக்கும் போகிற வேலை

பிளம்பர் சமையலறை, பாத்ரூமோடு திரும்பிவிடுவார். கேபிள்காரர் ஹாலோடு சரி. ஏசி மெக்கானிக் நேராகப் படுக்கையறைக்குப் போகிறவன். சென்னையில் பெரும்பாலான வீடுகளில் ஏசி மாட்டியிருப்பது அங்கேதான். கூடப்பிறந்தவர்கள்கூட எட்டிப் பார்க்கத் தயங்குகிற அறைக்குள், முன்பின் தெரியாத நான் ஏணி, ஜெட் பம்பு, வாளியோடு நுழைந்து, இடம் பற்றாவிட்டால் அவர்கள் கட்டில் மேலேயே பழைய போர்வையை விரித்து ஏறி நின்று வேலை பார்க்கிறேன். பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன். இன்னமும் அந்த வாசலில் கால் வைக்கும்போது ஒரு நிமிஷம் தயக்கம் வரத்தான் செய்கிறது. அது வருவது நல்லது என்றுதான் நினைக்கிறேன்.

விழுப்புரத்துப் பக்கம் ஐடிஐ முடித்துவிட்டு 2006ல் இங்கே வந்தேன். மூன்று வருஷம் ஒரு மாஸ்டரிடம் ஹெல்பர். செம்புக் குழாயின் வாயை விரித்து ஃப்ளேர் அடிக்கவும், கேஜில் கேஸ் அழுத்தம் பார்க்கவும் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் அவர் வேறு சிலவற்றைக் கற்றுக்கொடுத்தார். பெல் அடித்துவிட்டு இரண்டு அடி பின்னால் தள்ளி நிற்க வேண்டும். கதவு திறந்ததும் வீட்டுக்குள் பார்க்காமல் திறந்தவர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். உட்காரச் சொன்னால் ஒழிய உட்காரக் கூடாது. வீட்டில் நடக்கிற பேச்சு காதில் விழுந்தால் அந்த நேரம் பார்த்து ஏணியை நகர்த்தியாவது சத்தம் கொடுக்க வேண்டும், ஆள் இருக்கிறான் என்று அவர்களுக்கு ஞாபகம் வரும். இந்தக் கடைசிப் பாடத்தை நான் அவரிடமிருந்து மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இண்டோர் யூனிட்டைக் கழற்ற முடியாது. கொடியில் உள்துணி காயும், மேஜையில் மாத்திரை அட்டை கிடக்கும். ஹாலில் சிரித்துப் பேசுகிற கணவனும் மனைவியும் தனித்தனி அறையில் படுக்கிறார்கள் என்பது தலையணையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு வீட்டில் (எந்த ஏரியா என்று சொல்லப் போவதில்லை) கட்டிலை நகர்த்தும்போது அடியிலிருந்து ஒரு ஆஸ்பத்திரி ஃபைல் வெளியே வந்தது. மேலே பெரிய எழுத்தில் சிகிச்சைப் பிரிவின் பெயர். அந்த அம்மா அதைச் சட்டென்று எடுத்துப் பீரோவுக்குள் வைத்தார். நான் ஃபில்டரைக் கழுவ எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டேன், அது அப்போது கழுவ வேண்டிய நேரமே இல்லை. இரண்டு மாசம் கழித்து அதே அபார்ட்மெண்டில் வேறொரு வீட்டில் வேலை. அங்கே இருந்தவர் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "அந்த வீட்ல யாருக்கோ உடம்பு சரியில்லையாமே, நீங்க போனப்ப எப்படி இருந்தாங்க?" என்று கேட்டார். "ஏசி தண்ணி போற டிரெயின் பைப்புல அடைப்பும்மா, தண்ணி ஒழுகிச்சு, எடுத்துவிட்டேன்" என்றேன். மறுபடி கேட்டார். நானும் மறுபடி டிரெயின் பைப்பைப் பற்றியே சொன்னேன். அவருக்கு என் மேல் வருத்தம், அதற்கப்புறம் கூப்பிடவே இல்லை. ஒரு வாடிக்கை போனது. போகட்டும்.

இப்படிக் கேட்கிறவர்கள் நிறைய பேர். தப்பான எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன், பாதி பேருக்கு உண்மையான அக்கறை. ஆனாலும் அந்த வீட்டுக்காரர்கள் எனக்குக் கதவு திறந்தது ஏசிக்காக மட்டும்.

இப்போது மொபைல் வந்த பிறகு வாய் மட்டும் அடக்கமாக இருந்தால் போதவில்லை. கொஞ்ச காலம் ஒரு கம்பெனிக்கு கான்ட்ராக்டில் போனேன். வேலைக்கு முன்னால் ஒரு போட்டோ, முடிந்த பிறகு ஒரு போட்டோ ஆப்பில் ஏற்றினால்தான் கூலி வரும். நானும் கதவோரம் நின்று அகலமாக எடுத்து ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் அந்த மேடம், "காட்டுங்க அண்ணா" என்று போனை வாங்கிப் பார்த்தார். ஏசிக்குக் கீழே டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில், பக்கத்து அறையில் படுத்த படுக்கையாக இருக்கிற அவருடைய அம்மா தெரிகிறார், போர்வை விலகி. மேடம் கோபப்படவில்லை. "அம்மா இதுல இருக்காங்க" என்று மட்டும் சொன்னார். என் போனில் அழித்தேன். ஆனால் அது ஏற்கெனவே ஏறிவிட்டது. சூப்பர்வைசருக்குப் போன் போட்டு எடுத்துவிடச் சொன்னேன், பார்க்கிறேன் என்றார், இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன். எடுத்தார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மேடத்திடம் எடுத்தாகிவிட்டது என்று என்னால் பொய் சொல்லவும் முடியவில்லை. அதற்கப்புறம் யூனிட்டை மட்டும் கிட்டப்போய் எடுத்து, வீட்டுக்காரரிடம் காட்டி, சரி என்ற பிறகுதான் அனுப்புகிறேன். வீட்டுக்காரர்களுக்கும் சொல்கிறேன், யார் போட்டோ எடுத்தாலும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதில் எங்களுக்கு ஒரு அவமானமும் இல்லை.

நம்பர் விஷயம் அதைவிட மோசம். என்னிடம் இருந்த ஒரு பையன், கைவேலை தங்கமான பையன், நான் கொடுத்த நம்பரை வைத்துக்கொண்டு ஒரு வீட்டுப் பெண்ணுக்கு ராத்திரி பத்தரை மணிக்கு 'ஹாய்' அனுப்பியிருக்கிறான். காலையில் அந்தப் பெண் எனக்குக் கூப்பிட்டபோது குரல் நடுங்கியது. அவர் தனியாகக் குடியிருப்பவர், வீட்டின் அமைப்பு, எந்தக் கதவுக்கு என்ன தாழ்ப்பாள் என்பது வரை அவனுக்குத் தெரியும். 'சும்மாதான் அனுப்பினேன்' என்று அவன் சொன்னான். சும்மா என்பதே அங்கே இல்லை என்று அவனுக்குப் புரியவே இல்லை. அன்றைக்கே நிறுத்திவிட்டேன். நேரில் போய் மன்னிப்பு கேட்டேன், வாசலுக்கு வெளியே நின்றபடியேதான். இப்போதெல்லாம் ஹெல்பர் கையில் நம்பர் போகாது. நான்தான் பேசுவேன். ஏசிக்குக் குளிரூட்டும் கேஸ் நிரப்பின வீடாக இருந்தால் திரும்ப லீக் ஆகிறதா என்று விசாரிக்க முப்பது நாள் நம்பரை வைத்திருப்பேன், அப்புறம் அழித்துவிடுவேன். வேண்டுமென்றால் அவர்களே கூப்பிடட்டும்.

வீட்டில் பெண் ஒருத்தர் மட்டும் இருந்தால் வாசல் கதவைத் திறந்தே வைக்கச் சொல்வேன். குழந்தை மட்டும் இருந்தால் உள்ளேயே போக மாட்டேன். "அப்பா வந்ததும் போன் பண்ணச் சொல்லுப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். மே மாசத்து அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடு ஓடும்போது ஒரு வீடு வீணானால் அலைச்சலும் பெட்ரோலும் நம் தலையில்தான் விழும். இருந்தாலும் போக மாட்டேன்.

இதுவரை எங்கள் பக்கத்து ஒழுங்கைச் சொன்னேன். இனி எங்களுக்கு நடப்பதையும் சொல்ல வேண்டும்.

பெரிய அபார்ட்மெண்டுகளில் கேட்டிலேயே போட்டோ எடுக்கிறார்கள், பரவாயில்லை, பாதுகாப்பு வேண்டும்தான். ஆனால் ஆதார் அட்டையை வாட்ச்மேன் அவருடைய சொந்த போனில் படம் பிடித்துக்கொள்கிறார். அவர் நாளைக்கு வேறு வேலைக்குப் போனால் என் ஆதாரும் அவரோடு போகும். மயிலாப்பூரில் ஒரு வக்கீல் சார் வீட்டில் இதைப் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் புட்டசாமி வழக்கைப் பற்றிச் சொன்னார். ஆதாரை எதிர்த்து ஒரு ஓய்வு பெற்ற நீதிபதி போட்ட வழக்கு. அதில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று தீர்ப்பு சொன்னார்களாம். எனக்கு அதில் மனசில் நின்றது ஒன்றுதான். அந்த உரிமை வீடு வைத்திருப்பவர்களுக்கு மட்டுமானது இல்லை, அந்த வீட்டில் ஏணி போடுகிறவனுக்கும் உண்டு. அதற்கப்புறம் ஆதார் கேட்டால் முதல் எட்டு எண்ணை மறைத்த நகலைத்தான் காட்டுகிறேன்.

கேமரா வைத்திருக்கிறார்கள், வைக்கட்டும், எனக்கும் அது சாட்சிதான். இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒருமுறை ஏணியின் நாலாவது படியில் நின்று, ஏசிக்குள் காற்றைத் தள்ளுகிற ப்ளோயரை உருவிக்கொண்டிருந்தபோது, ஆளில்லாத அறையில் அலமாரி மேலிருந்து, "அண்ணா, பெட்ஷீட்டை மடிச்சு ஓரமா வச்சிடுங்க" என்று ஒரு குரல். வீட்டு அம்மா ஆபீஸில் இருந்தபடி பேசுகிறார். கை நழுவி ப்ளோயர் கீழே விழுந்து உடைந்தது. நான் விழாமல் இருந்தது அதிர்ஷ்டம்.

அப்புறம் அந்தக் கம்மல். வேலை முடித்து கேட் வரை வந்துவிட்டேன், வாட்ச்மேன் நிறுத்திவிட்டார். மேலே அரைப் பவுன் கம்மலைக் காணோமாம். என் டூல் பையை லிஃப்ட் வாசலில் கொட்டினார்கள். ஸ்பேனர், கேஜ், டேப், என் சாப்பாட்டு டப்பா, எல்லாம் தரையில். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரம். கம்மல் தலையணை உறைக்குள் இருந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிக் கூடுதலாக நூறு ரூபாய் நீட்டினார்கள். வாங்கவில்லை. பொருள் காணாமல் போனால் யாருக்கும் பதறும், என் வீடானால் நானும் பதறுவேன். ஆனால் நான் வருவது நேற்றே அவர்களுக்குத் தெரியும். மேஜையில் கிடப்பதை உள்ளே எடுத்து வைக்க இரண்டு நிமிஷம் ஆகுமா? அதைச் செய்தால் என்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேனோ என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே வேண்டாம். எடுத்து வைக்கிறவர்கள் எங்களைக் காப்பாற்றுகிறார்கள். பீரோ சாவி கதவிலேயே தொங்கினால் நானே கூப்பிட்டு, எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் பெரும்பாலும் கேட்காமலே கிடைத்துவிடும். சில வீடுகளில் அதற்கென்றே ஒரு பழைய டம்ளர் இருக்கும், சிங்க்குக்குப் போகாது, ஜன்னல் மேல் கவிழ்ந்திருக்கும். ஊரில் டீக்கடை இரட்டைக் குவளையைப் பற்றி அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான், அந்த டம்ளரைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிடும். பாட்டில் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுவேன். எங்களோடு வருகிற பையன்களிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

பாத்ரூம்தான் பெரிய கஷ்டம், இதை யாரும் பேசுவதில்லை. மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட்டோடு மத்தியானம் முழுக்க நிற்கிறோம், நாலு லிட்டர் தண்ணீராவது குடிக்க வேண்டும். குடித்தால் போக வேண்டுமே. கேட்டால், "தண்ணி வரல", "உள்ள ஆள் இருக்காங்க" என்பார்கள். கேட்கவே கூசிப்போய் என் பையன்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். 2014ல் எனக்குச் சிறுநீரகக் கல் வந்து ஐந்து நாள் சுருண்டு கிடந்தேன். தண்ணீர் ஒழுங்காகக் குடிக்காததுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்குள் இருப்பதைத் தர மனசில்லை என்றால் வேண்டாம், கீழே செக்யூரிட்டி பாத்ரூம் எங்கே இருக்கிறது என்றாவது முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதலிலேயே சொல்வது என்றதும் நினைவுக்கு வருவது, மெயினை ஆஃப் செய்வது. பழக்கத்தில் நேராகப் போய் இறக்கிவிடத் தோன்றும். நான் கேட்காமல் இறக்க மாட்டேன். ஒரு வீட்டில் உள்ளறையில் பெரியவர் ஒருவர் ஆக்ஸிஜன் மெஷினில் இருந்தார், அந்த அறைக் கதவு சாத்தியிருந்தது. வீட்டுக்காரர்கள் சொல்லவில்லை, வெளியாளிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டிருக்கலாம், அது அவர்கள் இஷ்டம். கேட்டதால் தெரிந்தது. வெறும் ஏசி பிரேக்கரை மட்டும் இறக்கி வேலையை முடித்தேன்.

விளக்கு விஷயமும் அப்படித்தான். இப்போது வருகிற ஏசிகளில் ஆர்32 கேஸ். பழைய ஆர்22 மாதிரி இல்லை, இதற்குக் கொஞ்சம் தீப்பற்றும் குணம் உண்டு. காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் தரையோரம் தேங்கும். லீக் இருக்கிற அறையில் விளக்கு எரியக் கூடாது. நங்கநல்லூரில் ஒரு மாமி வீடு. ஒற்றைப் படுக்கையறை ஃப்ளாட், சாமி அலமாரியும் அதே அறையில், தரையோடு ஒட்டின கீழ்த் தட்டில் விளக்கு எரிகிறது. கேஸ் மொத்தமும் போயிருந்தது. அணைக்கச் சொல்லும் வார்த்தையை அந்த வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "மாமி, விளக்கைக் கொஞ்ச நேரம் மலையேத்தணும்" என்றேன், கேஸ் விவரத்தையும் சொன்னேன். அவருக்குச் சங்கடம்தான், முகத்தில் தெரிந்தது. நான் ஹாலுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். உள்ளே ஏதோ சொல்லி வேண்டிக்கொண்டு, ஒரு பூவால் திரியை எண்ணெய்க்குள் இழுத்து அமர்த்திவிட்டு வந்து, "ஆச்சுப்பா, பாரு" என்றார். வேலை முடிந்து ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து ஏற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த ஏப்ரலில் சர்வீஸுக்கு அந்த வீட்டுக்குப் போனேன். வெறும் வாட்டர் சர்வீஸ், விளக்கை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கதவு திறந்ததும் மாமி சொன்னார்: "விளக்கை அப்பவே மலையேத்திட்டேன். கொடித் துணியெல்லாம் எடுத்தாச்சு. பாத்ரூம் இடது பக்கம், பையனுக்கும் சொல்லு. உள்ள வாப்பா."