நான்காவது மூக்கு நின்றுவிட்டது

நேற்றுக் காலை ஈரத்துணியை விலக்கிப் பார்த்தேன். கொலுவுக்காகச் செய்துவரும் மண்பொம்மை, டேபிர் என்ற காட்டு விலங்கு; அதன் மூக்கில் ஒரு கீறல்கூட இல்லை! மூன்று மூக்குகளைப் பறிகொடுத்த பிறகு கிடைத்த மகிழ்ச்சி இது.

கொலுவின் கீழ்ப்படியில் கடல் அட்டையையும் மலேசிய டேபிரையும் அருகருகே வைக்கப் போகிறேன். கடல் உயிரியான முதலாவது நட்சத்திர மீனுக்கு உறவு, மற்றது குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் உறவு. ஆனால் இரண்டுமே இரையைத் தேடித் துழாவுபவை. டேபிர், மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்ட குட்டித் தும்பிக்கையால் தழையை வளைத்து இழுக்கிறது. நான் செய்த கடல் அட்டை வகையான வெள்ளை அட்டை, வாயைச் சுற்றியுள்ள 20 உணர்கொம்புகளால் சேற்றை அள்ளி விழுங்குகிறது. அந்த இரண்டு வாய்களையும் காட்டத்தான் இத்தனை பாடு.

அட்டை ஒரே மாலையில் முடிந்தது. பாக் நீரிணையில் வாழ்வதுதான்; 2001 முதல் பிடிக்கத் தடை என்பதால் படம் பார்த்தே செய்தேன். உருட்டிய மண்ணில் நீளவாக்கில் ஐந்து கோடுகள்: வயிற்றுப் பக்கம் மூன்று, முதுகில் இரண்டு.

"மாமா, இதற்குத் தலை எங்கே?" என்றாள் தங்கை மகள். தலையும் இல்லை, மூளையும் இல்லை, பின்துவாரம் வழியாகத் தண்ணீரை இழுத்துத்தான் மூச்சு விடுகிறது என்றேன். பொம்மையைத் திருப்பி அந்தத் துவாரத்தைத் தேடினாள். உடனே ஈர்க்குச்சியால் குத்திவிட்டேன்.

மூக்குதான் உயிரை வாங்கியது. முதல் மூக்குக்குள் கட்டுக்கம்பி வைத்தேன். காயும்போது மண் சுருங்குகிறது, கம்பி சுருங்குவதில்லை; நெடுக வெடித்தது. இரண்டாவதைப் பச்சை மண்ணில் செய்து, பாதி காய்ந்த உடலில் ஒட்டினேன்; கழன்று விழுந்தது. மூன்றாவதை ஆடிக்காற்று முனையிலிருந்து உலர்த்திப் பிளந்தது. இம்முறை கம்பியே இல்லை. பஞ்சு சேர்த்துப் பிசைந்த மண். உடலும் மூக்கும் ஒரே பதம். இரு பக்கமும் கீறி, மண்குழம்பு தடவி அழுத்தி, முனையை மட்டும் ஈரத்துணியில் சுற்றி ஐந்து நாள் நிழலில் வைத்தேன்.

மண், குடமுருட்டிக் கரையில் பானை வனையும் பெரியவர் கொடுத்தது. மேட்டூர்த் தண்ணீர் வருமுன் எடுத்து, மிதித்துப் புளிக்க வைத்தது. விரலில் வெண்ணெய்போல் வழுக்குகிறது. கடையில் பாக்கெட்டில் விற்கும் மண் இதன் கிட்டே வராது.

முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. அவற்றை இன்னும் செதுக்கவில்லை, வண்ணமும் பாக்கி. அதற்குள் குட்டி டேபிருக்கு மண் பிசைந்துவிட்டேன். பெரியதுபோல் கறுப்பு வெள்ளைப் போர்வை இதற்குக் கிடையாது, உடம்பெல்லாம் வெள்ளை வரியும் புள்ளியும். மூக்கு சுண்டுவிரல் நுனி அளவுதான் வரும். துணியை இப்போதே நனைத்து வைத்திருக்கிறேன்.