வளவுக்குள் எத்தனை மில்லிமீட்டர்?

தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸில் குவியத் தூரம் 300 மி.மீ.க்கும் 301க்கும் வித்தியாசம் சொல்ல ஆள் கிடையாது. அகலமாகப் பார்க்கும் வைடு பக்கம் வந்தால் கதையே வேறு. சின்ன சென்சார் வைத்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவில் 9 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 100 டிகிரி பார்க்கும். 8 என்றால் 107, 7 என்றால் 114. மில்லிமீட்டருக்கு ஏழு டிகிரி வீதம் கூடும். அந்த ஏழுக்காகக் கூடுகிற விலையையும் கனத்தையும் பார்த்தால்தான் தலை சுற்றும்.

எனக்கு வேண்டியது காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளை உள்ளே நின்று எடுப்பது. வீடு என்னவோ ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். ஆனால் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் உள்கட்டில், நின்று எதிர்ச் சிறகை எடுக்கப் பார்த்தால் முதுகு தூணில் முட்டிவிடும். கையிலிருந்தது ஒலிம்பஸ் ஈ-எம்10 மார்க் 2, கூடவே கேமராவோடு வரும் 14-42 கிட் லென்ஸ். 14 மி.மீ. என்பது 75 டிகிரிதான். தூண் வந்தால் ஓட்டுச் சரிவு வராது, சரிவு வந்தால் தரை வராது.

ஒலிம்பஸ் 7-14 எஃப் 2.8 (எஃப் எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம்) முதலிலேயே கழிந்தது. அது 534 கிராம், என் கேமரா பேட்டரியோடு சேர்த்து 390. லென்ஸைப் பிடித்துக்கொண்டு கேமராவைத் தொங்கவிட வேண்டியதுதான். லாவோவா 7.5 எஃப் 2 வெறும் 170 கிராம், ஆசையாகத்தான் இருந்தது. கையால் ஃபோகஸ் செய்வதும் இந்த வேலைக்குத் தொந்தரவே இல்லை, எஃப் 5.6ல் வைத்து இரண்டு மீட்டரில் நிறுத்தினால் கூடம் முழுக்கத் தெளிவாக இருக்கும்.

7க்கு ஒரு நியாயமும் இருக்கிறது. கேமராவை அண்ணாந்து பிடித்தால் தூண்களெல்லாம் உள்பக்கம் சாயும். சாயாமல் இருக்க வேண்டுமென்றால் கேமரா மட்டமாக இருக்கணும். மட்டமாகப் பிடித்தால் படத்தில் பாதி தரை. 7 மி.மீ. இருந்தால் மட்டமாகவே எடுத்துவிட்டு, கீழே மிஞ்சும் தரையை வெட்டிப் போடலாம். உத்தரமும் கூரையும் தப்பித்துக்கொள்ளும். கட்டடம் எடுப்பவர்கள் விலை கொடுத்து வாங்கும், கேமரா மட்டமாக இருக்கும்போதே காட்சியை மேலே நகர்த்தும் ஷிஃப்ட் லென்ஸ் செய்கிற வேலையில் பாதி இது. ஆனால் நான் எடுக்கிற வீட்டில் கீழே கிடப்பது ஆத்தங்குடிக் கல், கையால் செய்த வண்ணப் பூவேலைத் தரைக்கல். அதை வெட்டியா எறிவது? பாதிப் படம் தரையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவானபோது 9 போதும் என்றானது.

9 என்றானதும் போட்டி இரண்டுக்குள். பானாசோனிக் லைக்கா 9 மி.மீ. எஃப் 1.7, 2022இல் வந்தது, 130 கிராம். ஒலிம்பஸ் 9-18 எஃப் 4-5.6, 2010இல் வந்தது, 155 கிராம். கூர்மையிலும் வெளிச்சத்திலும் புதியதுதான் மேல். அதில் தகராறு இல்லை. ஆனால் தூண் நகரப் போவதில்லை. என் கேமராவில் உள்ள, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷனை நம்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை விநாடி வரை கையிலேயே எடுக்கிறேன். டிரைபாட் காலை அந்தத் தரையில் ஊன்ற எந்த வீட்டுக்காரர் சம்மதிப்பார்? ஆக எஃப் 1.7க்கு எனக்குப் பெரிய வேலை இல்லை.

9-18இன் ஜூமுக்கு இருந்தது. வீட்டைப் பார்க்கப் போனால் வீட்டு ஆட்களையும் எடுக்காமல் வர முடியாது. "என்னையும் ஒண்ணு எடுப்பா" என்று திண்ணை மாதிரி உயர்ந்த பட்டாலையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி சொன்னால், 9 மி.மீ.யில் அவரை ஓரத்தில் வைத்து எடுப்பது பாவம்: தலை பூசணிக்காயாக இழுபடும். 18க்குத் திருப்பினால் ஃபுல் ஃபிரேமில் (பழைய ஃபிலிம் அளவு சென்சாரில்) 36 மி.மீ. மாதிரி. இரண்டடி தள்ளி நின்றால் முகம் முகமாக வரும்.

இன்னொன்று ஃபில்டர். 7-14 வகையறாவில் முன்கண்ணாடி பிதுங்கி நிற்கும், முன்னால் சாதாரண ஃபில்டர் மாட்ட வழியில்லை. 9-18க்கு 52 மி.மீ. ஃபில்டர் போதும். துடைத்துவிட்ட ஆத்தங்குடிக் கல்லில் முற்றத்து வெளிச்சம் வெள்ளையாகப் பளிச்சிடும்போது பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைத் திருப்பினால், கண்ணெதிரே பச்சையும் செங்காவியும் ஊறி வரும். கோணம் இவ்வளவு அகலமாக இருப்பதால் பளபளப்பு முழுக்கப் போகாது. ஒரு பட்டை அளவுக்குப் போகும், அதுவே போதும்.

ஆக 9-18தான், அதுவும் பழையதாகத்தான் வாங்கினேன். செங்கல் சுவருக்கு நேராக நின்று 9 மி.மீ., எஃப் 5.6ல் ஒரு படம். நான்கு மூலையும் ஒரே அளவுக்கு மங்கலாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். மங்கல் இருக்கலாம், ஒரு மூலை மட்டும் மோசமாக இருக்கக் கூடாது. எஃப் 8ல் அந்த மங்கல் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. 11க்கு மேலே போனால் படம் முழுக்கவே சொதசொதவென்று ஆகும், இந்தச் சின்ன சென்சாருக்கு அது பழக்கம்.

வெயிலை மறைக்கும் ஹூட் மட்டும் பெட்டியில் வராது, தனியாகக் காசு கேட்பார்கள். நான் வாங்கவில்லை. முற்றத்து வெயில் முகத்தில் அடித்தால் கையால் மறைத்துக்கொள்கிறேன். 9 மி.மீ.யில் விரலும் சேர்ந்து படத்தில் விழுகிறது.