மேல் அம்பும் ழகரமும்

இந்தக் கீபோர்டு பார்க்க அம்சமாகத்தான் இருக்கிறது, அதில் சண்டை இல்லை. பழைய ஐபிஎம் கம்ப்யூட்டரின் அதே மங்கல் வெள்ளை, சாம்பல் ஷிஃப்ட். ஒற்றைச் சிவப்பு எஸ்கேப் மட்டும் புதுசு. தட்டினால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஞாபகம் வருகிற சத்தம். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் அக்கா மகன், "மாமா, கொள்ளாமான்னு அடிச்சுப் பாருங்க" என்று கேரள எல்லையில், களியக்காவிளையில் இருக்கும் என் டிடிபி கடையில் விட்டுப்போன, ஒவ்வொரு கீக்கும் தனி சுவிட்ச் வைத்த 61 கீ மெக்கானிக்கல் கீபோர்டு.

இங்கிலீஷ் அடிக்கிறவரை குறையே இல்லை. தமிழுக்கு மாற்றினதும் வம்பு. நான் அடிப்பது தமிழ்99 என்கிற கீபோர்டு முறை. அதில் ஸ்லாஷ் கீயில்தான் ழ. 61 கீக்குள், கர்சரை நகர்த்துகிற அம்புக் கீகளுக்குத் தனி இடம் கிடையாது. இதைச் செய்தவன் மேல் அம்பைக் கொண்டுபோய் ஸ்லாஷில் ஒட்டியிருக்கிறான். அந்தக் கீ அம்பாகவே வேலை செய்கிற மோடு ஆனில் இருந்தால், "தமிழ்நாடு" அடிக்கும்போது "தமி" இந்த வரியில் நிற்கும், மிச்சம் மேல் வரியில் போய் விழும். மனு எழுதுகிறவனுக்குத் தமிழ்நாடு அரசு இல்லாமல் பிழைப்பு ஏது? மோடை அணைத்தாலோ, கர்சர் ஒரு எழுத்து நகர எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மலையாளமும் தப்பவில்லை. மலையாளம் அடிக்கிற இன்ஸ்கிரிப்ட் முறையில் அதே கீதான் ய. எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பாறசாலைக்காரரின் வாடகைச் சீட்டில் ய வராத வரியை எங்கே தேட?

நம்பர் பேடும் இதில் இல்லை. ஆதாரின் 12 இலக்கத்தையும் மேல் வரிசையில் அடிக்க எனக்குப் பொறுமை இல்லை.

இவர்கள் காப்பியடிக்கிற அந்த ஐபிஎம் மாடல் எம், 1985இல் வந்தது, 101 கீ. மேசையை அடைத்துக்கொள்ளும் பாரம். 1987இல் ஐபிஎம்மே அதைச் சுருக்கியது, நம்பர் பேடை மட்டும் வெட்டி. அம்பு, டெலீட், ஹோம், எண்ட் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. வெட்டுகிறவர்கள் அங்கேயே கையை நிறுத்தியிருக்கலாம். அழகுக்காக இன்னும் ரெண்டு இஞ்ச் குறைத்ததில் போனதெல்லாம் நம் எழுத்துக்கு வேண்டிய கீ.

"வியான்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு மாமா, கீயை மாத்திக்கலாம்" என்றான். இந்தக் கீபோர்டில் அது ஓடவில்லை. அவனுக்கென்ன, நாள் முழுக்க இங்கிலீஷில் புரோகிராம் எழுதுகிறவன்.

இதே நிறத்தில், நம்பர் பேடு மட்டும் இல்லாத 87 கீ கிடைத்தால் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன், யுஎஸ்பியில் மாட்டுகிற நம்பர் பேடு ஒன்றும். சுவிட்ச் மட்டும் சத்தம் குறைந்த பிரௌன் போதும். இந்த ப்ளூ சுவிட்ச் சத்தத்தில் எதிரே உட்கார்ந்து விலாசம் சொல்கிறவர் குரலே கேட்பதில்லை.