ரன்னபிளிலேயே நின்ற ஜாப்

ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகங்கள் 412. எல்லாவற்றையும் டெசராக்ட் என்ற, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருளில் விட்டு எழுத்தாக மாற்ற வேண்டும். என் லேப்டாப்பில் ஒரு புத்தகம் முடிவதற்குள் ஃபேன் அலற ஆரம்பித்துவிட்டது. சரி, வேலைகளை வாடகை மெஷின்களில் வரிசையாக ஓட்டித் தரும் அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் பேட்சில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். அரை நாள் வேலை என்று நினைத்தது மூன்று நாள் இழுத்தது.

அமைப்பு என்னவோ எளிதுதான். மெஷின்களை எழுப்பி அணைக்க ஒரு கம்ப்யூட் என்விரான்மென்ட், அதற்கு முன்னால் வேலைகள் காத்திருக்க ஒரு ஜாப் கியூ, எந்தக் கண்டெய்னர் (நிரலும் அதற்குத் தேவையானவையும் சேர்ந்த பொதி), எவ்வளவு மெமரி என்று சொல்ல ஒரு ஜாப் டெஃபனிஷன். குறைந்தபட்ச விசிபியூவை (மெய்நிகர் பிராசசர்களின் எண்ணிக்கை) 0 என்று வைத்தேன். வேலை இல்லாதபோது மெஷினும் இருக்காது, பில்லும் ஏறாது.

முதல் ஜாபை அனுப்பினேன். சப்மிட்டெட், அப்புறம் ரன்னபிள். அதோடு நின்றுவிட்டது. டீ குடித்துவிட்டு வந்தும் ரன்னபிள். பெயரைக் கேட்டால் ஓடப்போகிற மாதிரி இருக்கும். உண்மையில் "நான் ரெடி, இடம் கிடைக்கவில்லை" என்றுதான் அர்த்தம். கண்டெய்னரே தொடங்காததால் பார்க்க லாகும் இல்லை.

வாடகை மெஷின்களைக் காட்டும் ஈசி2 பக்கத்தில் ஒரு மெஷின் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. அவற்றில் கண்டெய்னர்களை ஓட்டும் சேவையான ஈசிஎஸ்ஸின் கிளஸ்டரிலோ (மெஷின் தொகுப்பு) பதிவான மெஷின்கள் பூஜ்யம். அங்கேதான் பிடி கிடைத்தது. நான் கொடுத்த சப்நெட்டிலிருந்து (நெட்வொர்க்கின் ஒரு பகுதி) வெளியே இணையத்துக்குப் போக வழியே இல்லை. மெஷின் எழுந்துவிட்டது, ஆனால் "நான் வந்துவிட்டேன்" என்று ஈசிஎஸ்ஸுக்குச் சொல்ல முடியவில்லை. அந்த வழியை அமைத்துத் தரும் நேட் கேட்வே மணிக்கணக்கில் காசு கேட்கும் என்பதால், பப்ளிக் ஐபி தரும் சப்நெட்டுக்கு மாற்றினேன்.

மெஷின் பதிவானது. ஜாப் மட்டும் அப்படியே ரன்னபிள்! இந்த முறை மெமரி. நான் எடுத்த எம்5.லார்ஜ் வகை மெஷினில் 8 ஜிபி இருக்கிறதே என்று 8192 எம்பி கேட்டிருந்தேன். இயங்குதளமும் ஈசிஎஸ்ஸோடு பேசும் அதன் ஏஜென்ட் நிரலும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு அவ்வளவு எங்கே மிச்சம்? 7000 என்று குறைத்ததும் ஸ்டார்ட்டிங், ரன்னிங் என்று நகர்ந்தது.

பிறகு அவசர வேலைக்கு இன்னொரு கியூ போட்டேன். முதல் ரேங்க் என்றால் 1 தானே என்று பிரியாரிட்டியில் 1 கொடுத்தேன். இங்கே தலைகீழ்: பெரிய எண்ணுக்குத்தான் முன்னுரிமை. அதுவும் இரண்டு கியூவும் ஒரே கம்ப்யூட் என்விரான்மென்டைப் பகிர்ந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

அமேசான் தன்னிடம் மிச்சமிருப்பதை வாடகைக்கு விடும் ஸ்பாட் மெஷின் மலிவு. ஆனால் இரண்டே நிமிட எச்சரிக்கையில் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் ரீட்ரையை (தோற்றால் மறுபடி முயலும் அமைப்பு) 3 ஆக்கினேன். பக்கத்துக்கு ஒரு ஜாப் என்றால் கண்டெய்னர் எழும் நேரமே அதிகமாகிவிடும். அதனால் புத்தகத்துக்கு ஒன்று என்று 412 அளவில் அரே ஜாபாக (எண் மட்டும் மாறும் ஒரே மாதிரி ஜாப்களின் தொகுப்பு) இரவு அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் 411 முடிந்திருந்தன, ஒன்று ஃபெயில். அரே எண் 0-இல் தொடங்குகிறது. என் ஸ்கிரிப்டோ அந்த எண்ணை அப்படியே புத்தகப் பட்டியலிலிருந்து ஒரு வரியை எடுக்கும் செட் (sed) கட்டளையில் வரி எண்ணாகக் கொடுத்திருந்தது. பட்டியலில் 0-ஆவது வரி ஏது? ஒன்று கூட்டி, விடுபட்ட 412-ஆவது புத்தகத்தை மட்டும் தனியாக அனுப்பினேன்.