சிகரெட் போனது, சூயிங்கம் ஒட்டிக்கொண்டது

சிகரெட்டை விட்ட கதையை எழுதியவர்கள் ஏராளம். சிகரெட்டை விடுவதற்காகப் பிடித்துக்கொண்ட நிகோடின் சூயிங்கத்தை எப்படி விடுவது என்று நான் தேடியபோது தமிழில் உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மெடிக்கல் ரெப். திருச்சிதான் ஹெட்குவார்ட்டர்ஸ், பெரம்பலூர், அரியலூர், துறையூர் எல்லாம் டூர். இந்த வேலையில் பேசுவது கொஞ்ச நேரம், காத்திருப்பதுதான் மீதி நேரமெல்லாம். தில்லை நகரில் எந்த கிராஸில் திரும்பினாலும் ஒரு கிளினிக், பக்கத்திலேயே ஒரு டீக்கடை, அங்கே டையைத் தளர்த்திவிட்டு நிற்கும் நாலு ரெப். ஆர்டருக்கு அடித்துக்கொள்ளும் கம்பெனிக்காரர்கள் எல்லாம் ஒரே தீக்குச்சியில் பற்றவைப்போம். இருமல் மருந்து விற்றுக்கொண்டே தம் அடிப்பதில் யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை, என்னையும் சேர்த்து.

விட்டதற்குப் பெரிய காரணம் ஏதும் இல்லை. மாரடைப்பு வரவில்லை, யாரும் சத்தியம் வாங்கவில்லை. நான் மாதாமாதம் பார்க்கும் நெஞ்சக நோய் டாக்டர் ஒருவர், டீட்டெய்லிங் (எங்கள் மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்வது) முடித்து நான் பையை மூடும்போது, "காலையில எழுந்து எவ்ளோ நேரத்துல முதல் சிகரெட்?" என்று கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டிருந்தால் எல்லோரிடமும் சொல்வதுபோல் பாதியாகக் குறைத்துச் சொல்லியிருப்பேன். இப்படிக் கேட்டதும் உண்மை வந்துவிட்டது. "பல்லு விளக்கறதுக்கு முன்னாடியே சார்."

நிகோடினுக்கு ஒருவர் எவ்வளவு அடிமை என்று அளக்க ஃபாகர்ஸ்ட்ராம் சோதனை என்று ஒன்று இருக்கிறது. ஆறு கேள்விகள், மொத்தம் 10 மதிப்பெண். எழுந்த 5 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் என்றால் அந்த ஒரு கேள்விக்கே 3 மதிப்பெண். ரத்தத்தில் இருக்கும் நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும், அடுத்த 2 மணி நேரத்தில் அதிலும் பாதி. ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தவனின் உடம்பில் அது அநேகமாக வடிந்திருக்கும். கண்ணைத் திறந்ததும் கை தலையணைக்கு அடியில் துழாவுகிறது என்றால் உடம்பு கணக்குக் கேட்கிறது என்று அர்த்தம். "உங்களுக்கு ரெண்டு மில்லிகிராம் பத்தாது, நாலுதான்" என்று நிகோடின் சூயிங்கத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அதை மெல்லும் விதத்தையும் அவர்தான் சொன்னார். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "நிகோடின் சூயிங்கம் எனக்கு ஒத்துக்கல, விக்கல் வருது, நெஞ்செரியுது" என்று சொல்லும் பத்துப் பேரில் பெரும்பாலோர் அதைப் பபிள்கம் மாதிரி கடகடவென்று மென்றவர்கள். அப்படி மென்றால் நிகோடின் மொத்தமாக எச்சிலோடு வயிற்றுக்குப் போகும். அங்கிருந்து கிளம்பும் நிகோடினில் பெரும்பகுதியைக் கல்லீரல் வழியிலேயே சிதைத்துவிடும். மூளைக்குப் போய்ச் சேருவது சொற்பம், மிச்சம் நெஞ்செரிச்சல்தான். மெதுவாக நாலைந்து மெல்லு மென்றதும் நாக்கில் மிளகு கடித்தாற்போல் ஒரு சுரீர் வரும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். சுரீர் அடங்கியதும் மறுபடி மெல்லு, மறுபக்கம் ஒதுக்கு. ஒரு துண்டு அரை மணி நேரம் வரும். நிகோடின் இறங்குவது கன்னத்தின் உள்தோல் வழியாக. அதற்கு வாயில் புளிப்பு இருக்கக் கூடாது. காபி, எலுமிச்சை ஜூஸ், கோலா எல்லாம் குடித்து 15 நிமிடமாவது போன பிறகுதான் போட வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்கு அப்பாயிதான் (அப்பாவைப் பெற்ற பாட்டி) ஞாபகத்துக்கு வந்தது. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவாமல் அது புகையிலை போட்டதே கிடையாது. சுண்ணாம்பு குறைந்தால் "சப்புன்னு இருக்கு" என்று துப்பிவிடும். சுண்ணாம்பால் வாயில் காரத்தன்மை, அதாவது புளிப்புக்கு எதிரான தன்மை, ஏறினால் நிகோடின் சீக்கிரம் தோலில் இறங்கும். சூயிங்கத்துக்குள்ளும் அதற்காகவே சோடியம் கார்பனேட் போன்ற உப்புகளைச் சேர்க்கிறார்கள். அப்பாயிக்கு வேதியியல் தெரியாது, விஷயம் தெரிந்திருந்தது.

முதல் மூன்று நாள் மோசம் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். எனக்கு சிகரெட் ஆசையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. ரெயின்கோட் சரியாக மடியவில்லை என்று அதைத் தரையில் ஓங்கி அடித்தேன். வீட்டில் ஒன்றும் பேசாமல் அதை எடுத்து மடித்து பைக்கில் வைத்துவிட்டார்கள். தூக்கம் துண்டு துண்டாக வந்தது. கனவில் சிகரெட் பிடித்துவிட்டு "ஐயோ, போச்சே" என்று வியர்த்து எழுந்தேன். விட்டவர்கள் பலருக்கும் இந்தக் கனவு வருமாம்; மாதக்கணக்கில் கழித்தும் வரலாம். வந்தால் பயப்பட வேண்டாம்.

வெளியில் யாரும் சொல்லாத இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று காலைக்கடன். "ஒரு தம் போட்டாத்தான் வரும்" என்று நம்ம ஊரில் சொல்வது வெறும் சாக்கு என்று நினைத்திருந்தேன். நிகோடின் குடலைத் தூண்டிவிடக்கூடியது. அது குறைந்ததும் குடல் சில வாரம் சண்டித்தனம் பண்ணியது. ராத்திரி கொய்யாப்பழம், காலையில் வெந்நீர் என்று சமாளித்தேன். இந்த ஒரு காரணத்துக்காகவே நாலாம் நாள் திரும்பப் பிடித்தவர்களை எனக்குத் தெரியும். வெட்கத்தில் வெளியே சொல்ல மாட்டார்கள், "டென்ஷன் ஜி" என்பார்கள்.

இன்னொன்று காபி. சிகரெட் புகையில் உள்ள தார் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுகிறது, காபியில் இருக்கும் கஃபீனை உடைப்பதும் அதே நொதிதான். அதனால் புகைப்பவர் உடம்பில் கஃபீன் வேகமாகக் கழியும். புகை நின்றதும் அந்த வேகம் போய்விடும். அதே மூன்று டம்ளர் காபி இப்போது ஐந்தாறு டம்ளர் குடித்த மாதிரி வேலை செய்யும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அதை சிகரெட் ஏக்கம் என்று நினைத்துக்கொண்டு ஆறுதலுக்கு இன்னொரு காபி குடிப்போம். நிகோடின் சூயிங்கம் போட்டாலும் இது மாறாது, ஏனென்றால் நொதியை முடுக்கியது புகை, நிகோடின் இல்லை. நான் காபியைப் பாதியாகக் குறைத்த அன்றைக்கே ராத்திரி ஒழுங்காகத் தூங்கினேன்.

இனி டீக்கடை. எங்கள் கடைக்கார அண்ணன் என் பைக் சத்தம் கேட்டாலே கிளாஸை வைத்து, அதன் மேல் ஒரு கிங்ஸ் சிகரெட்டைக் குறுக்கே வைத்துவிடுவார். கேட்க வேண்டியதில்லை, மாதம் முடிந்தால் நோட்டில் என் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். "அண்ணே, இனிமே டீ மட்டும்" என்றேன். நோட்டை எடுத்து, "அப்ப பழைய பாக்கியை முடிச்சிரு தம்பி" என்றார். அவர் கவலை அவருக்கு. ஆனால் அன்றிலிருந்து ஒரு நாளும் மறந்துகூட எனக்கு சிகரெட்டை எடுத்து வைக்கவில்லை. கூட நின்ற ரெப்புகள்தான் "ஒண்ணே ஒண்ணு ஜி, ஒண்ணும் ஆகாது" என்று நீட்டினார்கள். "விடலாம்னு பாக்கறேன்" என்று சொன்ன நாட்களில் நீட்டிக்கொண்டே இருந்தார்கள். "விட்டாச்சு" என்று சொன்னதும் நிறுத்திக்கொண்டார்கள். ஒருவர் வேப் என்ற இ-சிகரெட்டுக்கு மாறச் சொன்னார். அதன் விற்பனை 2019 முதல் நாடு முழுக்கத் தடை, எதற்கு இன்னொரு தலைவலி?

ஏக்கம் அலை மாதிரி வரும், சில நிமிடத்தில் போய்விடும் என்று எல்லா இடத்திலும் படிக்கலாம். போகத்தான் செய்கிறது. ஆனால் என் அனுபவத்தில் அது பொதுவாக வரவில்லை, இடம் பார்த்து வந்தது. சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் ஒன்று. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒன்று. மேனேஜரோடு ஜாயின்ட் ஒர்க் (சேர்ந்து டாக்டர்களைப் பார்ப்பது) போய், அவர் போன் பேச ஒதுங்கும் அந்த இடைவெளியில் ஒன்று. மாசக் கடைசியில் விற்பனைக் கணக்கை முடிக்கும் க்ளோசிங்கில் டார்கெட்டுக்குக் கொஞ்சம் துண்டு விழும்போது வருவதுதான் எல்லாவற்றுக்கும் அப்பன். சாப்பாட்டுக்கு அப்புறம் வருவதை ஜெயித்துவிட்டேன் என்று இருந்தால், க்ளோசிங் அன்றைக்குப் புதிதாக முதல் நாள் மாதிரி வந்து நிற்கும். ஒவ்வொரு வேளையையும் தனித்தனியாக சிகரெட் இல்லாமல் கடந்தாக வேண்டியிருந்தது. ஒருமுறை கடந்த இடம் மறுமுறை பாதி பலத்தோடுதான் வரும். கல்யாணம், கருமாதி, கம்பெனி மீட்டிங் மாதிரி எப்போதாவது வருபவை ஒரு வருஷம் சுற்றி முடியும்வரை புதுசுதான். தண்ணி அடிக்கும் இடங்களை முதல் சில மாதம் அடியோடு தவிர்த்தேன், அதில் விவாதத்துக்கே இடமில்லை.

கைக்கும் வாய்க்கும் ஏதாவது வேண்டும். எனக்கு உப்பு நெல்லி வற்றல் சரிப்பட்டது. ஆனால் புளிப்பு ஆயிற்றே, சூயிங்கம் போடப்போகும் நேரத்தில் அதைத் தொடுவதில்லை. மற்ற நேரத்தில் கிராம்பு.

இப்படி சிகரெட் போய்விட்டது. சூயிங்கம் மட்டும் நின்றது. வழக்கமாகச் சொல்வது மூன்று மாதம். நான் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சூயிங்கம் அட்டை. டாக்டரிடம் சொன்னால், "சிகரெட்டுக்குத் திரும்பறதுக்கு இது ஆயிரம் மடங்கு மேல், அவசரப்படாதீங்க" என்றார். புகை இல்லை, தார் இல்லை, கார்பன் மோனாக்சைடு இல்லை. அவர் சொன்னது சரிதான். அதனால் இதை மெல்லுபவர்கள் யாரும் என்னைப் படித்துவிட்டுக் குற்ற உணர்ச்சியில் நாளைக்கே நிறுத்த வேண்டியதில்லை.

என்னை நிறுத்த வைத்தது அரியலூர் லாட்ஜில் ஒரு ராத்திரி. வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு அட்டையைப் பார்த்தால் எல்லாக் குழியும் காலி. மெடிக்கல் ஷாப்புகள் ஷட்டரை இறக்கியிருந்தன. ஆஸ்பத்திரி பக்கம் திறந்திருந்த ஒரு கடையில், "அதெல்லாம் இங்க மூவ் ஆகாது சார்" என்றான் பையன். பக்கத்துப் பெட்டிக்கடையில் கிங்ஸ், பில்டர், பீடி எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் அடுக்கி இருந்தது. ஊர் முழுக்கத் தூங்கினாலும் சிகரெட் கிடைக்கும், அதை விடுவதற்கான மருந்து கிடைக்காது. நெஞ்சு படபடவென்று அடித்தது. அப்போதுதான் உறைத்தது: கடைசித் துண்டைத் துப்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ரத்தத்தில் நிகோடின் தாராளமாக இருந்தது. கையில் இல்லை என்ற நினைப்புக்குத்தான் வியர்த்தது. சாதா மின்ட் சூயிங்கம் வாங்கிக்கொண்டு வந்து படுத்தேன். தூங்கியும் விட்டேன்.

ஊர் திரும்பியதும் 4 மில்லிகிராமிலிருந்து 2க்கு இறங்கினேன். பிறகு துண்டைக் கத்தரியால் பாதியாக வெட்டி, சாதா சூயிங்கத்தோடு மாற்றி மாற்றிப் போட்டேன். சுரீர் குறைந்ததை வாய் கவனித்தது, சில நாளில் விட்டுவிட்டது. இதைவிட உதவியது வேறொன்று: அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து பைக் பெட்டியில் பூட்டி வைத்தேன். வேண்டுமென்றால் கிளினிக்கிலிருந்து இறங்கி, வெயிலில் நடந்து, சாவி போட்டுத் திறக்க வேண்டும். பல தடவை அந்தச் சோம்பேறித்தனமே ஜெயித்தது. மதியம் போடுவது முதலில் போனது, பைக் ஓட்டும்போது போடுவது அடுத்து. டாக்டர் அறைக்குள் நுழையும் முன் போடும் அந்த ஒன்றுதான் கடைசிவரை அடம் பிடித்தது. கடைசியாக எந்த நாள் போட்டேன் என்று எனக்கே தெரியாது. பெட்டியைச் சுத்தம் செய்தபோது மிச்சமிருந்த அட்டை எக்ஸ்பயரி ஆகிக் கிடந்தது. எக்ஸ்பயரி சரக்கைத் திருப்பி எடுப்பது எனக்கு அன்றாட வேலை, இதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று சிரித்துக்கொண்டேன்.

எடை கூடியது. பேன்ட்டுகளைப் பிரித்துத் தைத்தேன், இன்னும் முழுசாக இறங்கவில்லை.

சூயிங்கம் எல்லோருக்கும் ஒத்துவரும் என்றும் சொல்ல மாட்டேன். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் சிகரெட் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசிப் பேசியே விட்டார், ஒரு துண்டுகூட மெல்லவில்லை. மாத்திரையில் விட்டவர்களும் இருக்கிறார்கள், அது டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். இருதயக் கோளாறு உள்ளவர்கள் சூயிங்கத்துக்கும் டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது.

நான் அட்டை வாங்கிக்கொண்டிருந்த மெடிக்கல்காரர் இப்போது அதைக் கேட்டு யாராவது வந்தால் போனைப் போட்டு என்னிடம் கொடுத்துவிடுகிறார். "சார், எப்படி மெல்லணும்னு இவருக்குச் சொல்லுங்க, உள்ள இருக்கற சீட்டு எறும்பு எழுத்துல இருக்கு." போன வாரம் ஒரு லாரி டிரைவர். மென்றதும் ஒதுக்கணும்ணே என்று தொடங்கினேன். "அட, புகையிலை ஒதுக்கற மாதிரியா? அதைச் சொல்றதுதானே!" என்று போனை வைத்துவிட்டார்.