வடகமும் வாக்குச்சீட்டும்

மே 12, 2024, ஞாயிறு. முத்தியால்பேட்டை, புதுச்சேரி

மாடியில் வடகம் காய்கிறது. கத்திரி வெயில் இதற்கென்றே வந்ததுபோல் அடிக்கிறது. நேற்று என் மனைவி ஐந்து கிலோ சின்ன வெங்காயம் உரித்தாள். பூண்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, வெந்தயம், சீரகம், மஞ்சள் எல்லாம் சேர்த்துப் பிசைந்தாயிற்று. மாலையில் அள்ளி உருண்டை பிடித்து வைக்க வேண்டும். காலையில் உதிர்த்து மறுபடி வெயிலில் போட வேண்டும். கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டினால் கல் மாதிரி ஆகிவிடும். உள்ளே துளி ஈரம் நின்றாலும் பூசணம் பூத்துவிடும் என்று அம்மா கீழே இருந்தபடியே எச்சரித்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த வடகம் பெரியம்மாவுக்கு. பாரிசுக்கு வடக்கே சார்செலில் மகனோடு இருக்கிறார். வயது 85. இனி அவரால் வர முடியாது, நாங்கள்தான் போக வேண்டும். போகிற வழியில் சுவிட்சர்லாந்தின் பெர்னில் என் கல்லூரித் தோழர், ஜெர்மனியில் என் மனைவியின் அக்காள் மகள் ஆகியோரையும் பார்த்துவிடலாம் என்று திட்டம்.

எங்கள் குடும்பம் இரண்டானது 1962இல். அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம். பெரியப்பா சொல்தா, பிரெஞ்சுப் படையில் இந்தோசீனாவரை போய் வந்தவர். எழுதிக் கொடுத்தார். ரோடியர் மில்லில் தறி ஓட்டிய அப்பா கொடுக்கவில்லை. "அண்ணன் தன் காரியத்தை மட்டும் முடித்துக்கொண்டார்" என்பதுதான் எங்கள் வீட்டில் நான் கேட்டு வளர்ந்த பேச்சு. பெரியப்பா ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா எழுந்து நின்று வணங்குவார். அதற்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. இருவருமே இப்போது இல்லை.

ஜூன் 8, சனி. முத்தியால்பேட்டை

விசா வந்துவிட்டது. எங்களைத் தன் வீட்டில் தங்கவைப்பதாகப் பெரியம்மாவின் மகன், என் தம்பி, அங்குள்ள மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், சான்று வாங்கி அனுப்பியிருந்தான். நமக்கு மேரி என்றால் கடற்கரையில் இருக்கும் அந்த ஒரே கட்டடம்தான். பிரான்சில் ஊருக்கு ஒரு மேரி உண்டு. ஒரே விசாவில் மூன்று நாடுகளுக்கும் போகலாம்.

அம்மா ஆசையாக வாங்கிய பால்கோவாவை வெளியே எடுத்துவைக்க வேண்டியதாயிற்று. ஐரோப்பாவுக்குள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. கறிவேப்பிலையும் அப்படியே கூடாது. வடகத்துக்குத் தடையில்லை. மூன்று துணிப்பைகளில் கட்டியும் பெட்டியைத் திறந்தால் அறை முழுக்க மணக்கிறது.

ஜூன் 15, சனி. சார்செல்

இரவு ஒன்பதரை. வெளியே நல்ல வெளிச்சம்.

பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து, "அப்பன் முகம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. என் மனைவி துணிப்பையை அவிழ்த்து ஓர் உருண்டையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டி, உதிர்ந்த கடுகு ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தார். 61 ஆண்டு அயல்நாட்டு வாழ்க்கைக்குப் பிறகும் வடகத்தைச் சோதிக்கும் முறை மாறவில்லை.

சமையலறை அலமாரியிலிருந்து தம்பி ஒரு சிறு கண்ணாடிக் குப்பியை எடுத்துக் காட்டினான். 'வடுவான்' என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறது. நம் வடகம்தான். பெயர் திரிந்து, பொடியாகி, பிரெஞ்சுச் சமையல்காரர்கள் மீனுக்குத் தூவுகிறார்கள். பெரியம்மா அந்தக் குப்பியைத் திறந்ததே இல்லையாம்.

ஜூன் 21, வெள்ளி. பெர்ன்

தோழர் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் புதுச்சேரியில் என்னோடு படித்தார், பிறகு இங்கே தஞ்சம் வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு. 2014இல் திறந்த சமயங்களின் இல்லத்துக்கு அழைத்துப் போனார். ஒரே கூரையின்கீழ் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பௌத்தக் கூடம், துருக்கியிலிருந்து வந்த அலேவி சமயத்தாரின் கூடம். அர்ச்சனை முடித்து வெளியே வந்தபோது எதிரே தொழுகைக்குப் போகிறவர்கள் வழிவிட்டு நின்றார்கள். என் மனைவி அதைப் பற்றி இரவுவரை பேசிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 25, செவ்வாய். டோர்ட்முண்ட்

ஐரோப்பியக் கால்பந்துப் போட்டி நடக்கிறது. இன்று பிரான்சுக்கும் போலந்துக்கும் ஆட்டம் இந்த ஊரில்தான். ரயில் நிலையம் முழுக்க நீலச் சட்டை. அந்தக் கூட்டத்தில் ஒரு பெட்டி கைமாறிப் போய், ஒரு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தோம். மருந்தெல்லாம் அதில்தான் இருந்தது. என் மனைவி அழுதேவிட்டாள்.

பகலில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில். 2002இல் குடமுழுக்கு நடந்தது. கோபுரம் 17 மீட்டர். சுற்றிலும் தொழிற்பேட்டை. கட்டியவர்கள் ஈழத்து மக்கள். வரும்போது கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர்கள் எழுப்பிய கோபுரம் அது. அண்ணாந்து பார்த்தபோது என்னையறியாமல் கை குவிந்தது.

ஜூன் 30, ஞாயிறு. சார்செல்

இன்று நடந்ததை எழுதாமல் தூக்கம் வராது.

பிரான்சில் நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்று. பெரியம்மா விடியலிலேயே குளித்து, பட்டுப்புடவை கட்டித் தயாராகிவிட்டார். தம்பி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, வாக்குச்சாவடிக்கு நடந்தார். அங்கே இயந்திரம் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு சீட்டு. மறைப்புக்குள் போய் வேண்டியதை உறையில் இட்டு, எல்லாரும் பார்க்க கண்ணாடிப் பெட்டியில் போட வேண்டும். அதிகாரி "ஆ வோத்தே" என்று உரக்கச் சொன்னார், வாக்களித்தாயிற்று என்று. அடுத்துப் பதிவேட்டில் கையெழுத்து. வாசலோரம் நின்ற நான் எட்டிப் பார்த்தேன். வரிசை வரிசையாகப் பிரெஞ்சுக் கிறுக்கல்களுக்கு நடுவே பெரியம்மா நடுங்கும் கையால் தன் பெயரைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் பூங்கா இருக்கையில் அமர்ந்தோம். தம்பி ரொட்டி வாங்கப் போனான். பெரியம்மா என் இடக்கை விரலைப் பிடித்துப் பார்த்தார். ஏப்ரல் 19 அன்று நம் தேர்தலில் வைத்த மை. நகம் வளர வளர, பாதிக்கு மேல் ஏறியிருந்தது. அதைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"உன் அப்பனும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அந்தத் தாளை உன் பெரியப்பா ஆபீசில் கொடுக்கவில்லை. இரண்டு பிள்ளைகளும் போய்விட்டால் அம்மாவை யார் பார்ப்பார்கள் என்று திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். நான்தான் அடுப்பில் போட்டேன். கெடு முடிந்த பிறகு உன் அப்பனிடம் சொன்னார். அவன் ஒன்றும் கேட்கவில்லை, எழுந்து போய்விட்டான்."

கொஞ்ச நேரம் கழித்து, "நான் தடுத்திருக்கலாம்" என்றார்.

எனக்குப் பேச வரவில்லை. ஆயா, அப்பாவின் அம்மா, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். 1979இல் அப்பா மடியில் தலை வைத்துத்தான் போனாள். அந்தத் தாள் போய்ச் சேர்ந்திருந்தால் நானும் இங்கே வளர்ந்திருப்பேன். முத்தியால்பேட்டைப் பள்ளியில் 32 ஆண்டு தமிழ் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டேன். அந்த வாழ்க்கையை எதற்காகவும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் அப்பாவுக்கு அது கொடுக்கப்பட்டது அல்ல, அவரைக் கேட்காமல் அவர்மேல் வைக்கப்பட்டது. அவர் வணங்கிவிட்டு வாய் மூடி நின்றது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

பெரியம்மாவின் கையை விடவில்லை. ரொட்டியோடு தம்பி வந்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

ஜூலை 13, சனி. முத்தியால்பேட்டை

நேற்று வந்து சேர்ந்தோம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று விமானம் முழுக்க நானும் மனைவியும் யோசித்தோம். மறைக்க மனம் வரவில்லை. இன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். அம்மா அப்பாவின் படத்தைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு போய்ப் படுத்துக்கொண்டாள்.

மாலை ஆறு மணிக்கு எழுந்து வந்து, "சார்செலுக்குப் போன் போட்டுக் கொடு" என்றாள். போட்டுக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். ஓரகத்திகள் இருவரும் நேருக்கு நேர் பேசி எத்தனை ஆண்டு ஆயிற்றோ. முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தேன். அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இல்லை அக்கா, அஞ்சு கிலோ வெங்காயத்துக்கு நூறு வெந்தயம் போதும். மருமகள் கொஞ்சம் கூடப் போட்டுவிட்டாள்."