பேதி நின்ற பிறகும் முறுக்கும் வயிறு

நவம்பர் 18
கடைமடையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை என்றால் குழாய்த் தண்ணீர் கலங்கும்; பின்னாலேயே பேதி வரும். பேதி சில நாளில் நின்றுவிடும். ஆனால் கிருமி போன பிறகும் சிலருக்கு வயிறு பழையபடி ஆவதில்லை. குடல் தொற்று கண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இப்படித்தான் ஐ.பி.எஸ். எனும் எரிச்சல் குடல் நோய் தொடங்குகிறது. 2000-இல் கனடாவின் வாக்கர்டன் ஊரில் குடிநீரில் கிருமி கலந்தது. அந்த ஊர்க்காரர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்ததில் இந்தத் தொடர்பு தெளிவானது. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும்.

டிசம்பர் 3
ஸ்கேன் சரி, ரத்தப் பரிசோதனை சரி, வலி மட்டும் போகவில்லை. "எல்லாம் மனசுதான்" என்று சொல்லி அனுப்புவது அநியாயம். மலக்குடலில் சிறு பலூனை வைத்து ஊதிய சோதனைகளில், மற்றவர்களுக்கு வெறும் நிறைவாகத் தெரியும் அளவே ஐ.பி.எஸ். உள்ளவர்களில் பலருக்கு வலித்தது. குடல் நரம்புகள் அவ்வளவு கூர்மையாகிவிடுகின்றன. கவலையும் தூக்கக்கேடும் அதைக் கூட்டும். வலி கவலையைக் கூட்டும்.

ஜனவரி 20
பொங்கல் வாரம் மொச்சைக் குழம்பு இல்லாமல் போகாது. மொச்சை, வெங்காயம், பூண்டு இவற்றிலுள்ள சில சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும். நோயை உண்டாக்குவது இவை அல்ல. கூர்மையான குடலைச் சீண்டுகின்றன, அவ்வளவுதான்.

மொச்சையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு போய்விடும். பூண்டுப் பல்லை எண்ணெயில் சிவக்க வதக்கி, குழம்பு கூட்டுமுன் எடுத்துவிடுங்கள். மணம் எண்ணெயில் இறங்கும், சர்க்கரை இறங்காது. பல் குழம்போடு கொதித்தால் சர்க்கரை தண்ணீரில் கரைந்துவிடும்; பிறகு எடுத்துப் பயனில்லை.

பிப்ரவரி 6
வெறும் வயிற்றில் டிகிரி காபி குடித்ததும் கழிப்பறைக்கு ஓட்டமா? டிகாஷனும் குடலைக் கிளப்பும், பாலிலுள்ள லாக்டோஸ் எனும் சர்க்கரையும் கிளப்பும். ஒரு வாரம் பாலில்லாமல் குடியுங்கள். அடுத்த வாரம் காபி இல்லாமல் பால் மட்டும். இரண்டையும் ஒன்றாக நிறுத்தினால் எது காரணம் என்றே தெரியாது. சாப்பிட்டது, வலி, மலத்தின் தன்மை, தூக்கம், பெண்களானால் மாதவிடாய் நாள், எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். பல உணவுகளை விலக்குவதானால் 6 வாரத்துக்கு மேல் வேண்டாம். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

பிப்ரவரி 15
மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் பேதி, 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டில் எழுதிப் பார்க்கும் வேலையை விட்டு முதலில் டாக்டரிடம் போங்கள்.